ஆஃபர் லெட்டர் வரலையா? கோவையில இன்னொரு வழி இருக்கு

அவினாசி ரோட்டுல கோல்ட்வின்ஸ்ல ஏறி உப்பிலிபாளையத்துல இறங்குற புது மேம்பாலம் 10.1 கிலோமீட்டர் நீளம். 2025 அக்டோபர் 9-ஆம் தேதி திறந்தாங்க. ஜி.டி. நாயுடு பெயர் வச்சிருக்காங்க. காலேஜ் பஸ்ல தினமும் அதுல போறோம், வர்றோம். அந்தப் பெயருக்கும் நம்ம பிளேஸ்மெண்ட் கவலைக்கும் நேரடியா ஒரு சம்பந்தம் இருக்கு. அதுல இருந்தே ஆரம்பிக்கலாம்.

ஜி.டி. நாயுடு 1893-ல கலங்கல் கிராமத்துல பிறந்தவர். தொடக்கப் பள்ளியைத் தாண்டிப் படிக்கலை. ஹோட்டல்ல வேலை பார்த்துக் காசு சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைக் கழட்டி மாட்டித்தான் இன்ஜின் கத்துக்கிட்டார். 1920-ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல ஒரே ஒரு பஸ் விட்டார். பிறகு யு.எம்.எஸ். கம்பெனி. 1937-ல டி. பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து இந்தியாவிலேயே முதல் மின்சார மோட்டார் செஞ்சது இந்த ஊர்லதான். இதெல்லாம் நமக்கு ஓரளவு தெரியும். பல பேருக்குத் தெரியாத விஷயம் அடுத்தது. 1945-ல அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயர்ல இங்கே ஒரு தொழில்நுட்பக் கல்லூரி தொடங்க முன்னாடி நின்னவரும் அவர்தான். இன்னைக்கு நாம ஜி.சி.டி.னு சொல்ற காலேஜோட தொடக்கம் அது. இன்ஜினியரிங்குக்கு நாலு வருஷம் எதுக்கு, சரியாச் சொல்லிக் கொடுத்தா ரெண்டே வருஷம் போதும்னு அவர் வாதாடினார். அரசாங்கம் ஒத்துக்கலை. அவர் விலகிட்டார்.

அவர் சொன்னதை அப்படியே ஏத்துக்கணும்னு நான் சொல்ல வரலை. சிக்னல்ஸ், கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் எல்லாம் ரெண்டு வருஷத்துல முடியாது, நாலு வருஷத்துலயே நமக்குப் பாதிதான் ஏறுது. ஆனா அவர் கேட்ட கேள்வி இன்னும் உயிரோட இருக்கு: கிளாஸ்ல உட்காருற நேரத்துக்கும் மெஷின் முன்னாடி நிக்குற நேரத்துக்கும் என்ன விகிதம்? இதே ஊர்ல அந்தக் கேள்விக்கு வேற ஒரு பதிலும் கிடைச்சுது. பீளமேட்டுல பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் 1926-ல வந்துச்சு, அதை ஒட்டியே 1951-ல பி.எஸ்.ஜி. டெக். அங்கே சாண்ட்விச் கோர்ஸ்னு அஞ்சு வருஷப் படிப்பு உண்டு. கிளாஸும் ஃபேக்டரி வேலையும் அடுக்கடுக்கா வரும். நாயுடு வருஷத்தைக் குறைக்கச் சொன்னார், இவங்க ஒரு வருஷத்தைக் கூட்டினாங்க. ரெண்டு பேரும் சொன்னது ஒண்ணுதான்: கை அழுக்காகாம இன்ஜினியர் ஆக முடியாது.

நம்மள மாதிரி மத்த காலேஜ் பசங்களுக்கு அந்த அஞ்சாவது வருஷம் கிடையாது. அதைச் சட்டப்படி, உதவித்தொகையோட, நாமளே சேர்த்துக்க முடியும். அதுதான் அப்ரெண்டிஸ்ஷிப், தொழில் பழகுநர் பயிற்சி. கேம்பஸ்ல இதைப் பத்திப் பேச்சே இல்லை. பேசினாலும் "அது ஐ.டி.ஐ. பசங்களுக்கு"ன்னு முடிச்சுடுவாங்க. அது தப்பு.

சட்டம் என்ன சொல்லுது

தொழில் பழகுநர் சட்டம் 1961-ல வந்தது. 1973 திருத்தத்துல பட்டதாரி, டிப்ளமோ இன்ஜினியர்களையும் சேர்த்தாங்க. நம்ம கணக்குக்கு வர்ற திட்டத்துக்கு என்.ஏ.டி.எஸ்.னு பேரு, தேசிய தொழில் பழகுநர் பயிற்சித் திட்டம். தென்னிந்தியாவுக்கு இதைக் கவனிக்கிற வாரியம் சென்னை தரமணியில இருக்கு. அவங்க இணையதளத்துல பதிவு பண்ணிட்டு, கம்பெனிகளைத் தேடி விண்ணப்பிக்கலாம்.

பயிற்சி ஒரு வருஷம். 2019 விதிப்படி பட்டதாரிக்கு மாசம் குறைஞ்சது 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000. அதுல பாதியை மத்திய அரசு தரும். அது குறைந்தபட்சம் மட்டும்தான், கம்பெனி விருப்பப்பட்டா கூடவும் கொடுக்கலாம். தொகையை உயர்த்தணும்னு 2025-ல மத்திய பழகுநர் கவுன்சில் பரிந்துரை பண்ணியிருக்கு. அதனால சேரும்போது அன்னைக்கு நடைமுறையில இருக்கிற தொகை எவ்வளவுன்னு பார்த்துக்கோங்க. முடிச்சதும் மத்திய அரசுச் சான்றிதழ் கிடைக்கும்.

கம்பெனி நமக்குப் பிச்சை போடுறதா நினைக்க வேண்டாம். 30 பேருக்கு மேல வேலை செய்யுற நிறுவனம், மொத்த ஆட்கள்ல 2.5 சதவீதத்துல இருந்து 15 சதவீதம் வரைக்கும் பழகுநர்களை வச்சே ஆகணும்னு சட்டம் இருக்கு. 4 பேர்ல இருந்து 29 பேர் வரைக்கும் இருக்கிற யூனிட் விருப்பப்பட்டா வைக்கலாம். கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ, அரசூர், நீலாம்பூர்னு ஒரு ரவுண்டு வந்தா 30 பேருக்கு மேல இருக்கிற கம்பெனி எத்தனைன்னு நீங்களே எண்ணிப் பார்க்கலாம். கேட்டுப் போற ஆள்தான் குறைவு.

இப்ப கசப்பான பக்கம். இதை யாரும் சொல்ல மாட்டாங்க, அதனால நான் சொல்றேன். பழகுநர்ங்கிறவர் சட்டப்படி தொழிலாளி கிடையாது, பயிற்சி பெறுபவர். பி.எஃப்., இ.எஸ்.ஐ. வராது. ஒரு வருஷம் முடிஞ்சதும் கட்டாயம் வேலை கொடுக்கணும்னு கம்பெனிக்குக் கடமையும் இல்லை. வேலையிடத்துல பாதுகாப்பு, அடிபட்டா இழப்பீடு இது ரெண்டும் உண்டு. 9,000 ரூபாய்ல ஊர்ல இருந்து வந்து ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு, பெட்ரோல் பார்க்க முடியுமான்னா, கஷ்டம்தான். தாராபுரத்துல இருந்தோ அந்தியூர்ல இருந்தோ வர்ற பையனுக்கும், சிங்காநல்லூர்ல வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுப் போற பையனுக்கும் இது ஒரே வாய்ப்பு இல்லை. எஜுகேஷன் லோன் கட்ட ஆரம்பிக்கணும்ங்கிற வீட்டுல "ஒரு வருஷம் கத்துக்கறேன்"னு சொல்றது சின்ன விஷயமும் இல்லை. அதனால ஈரோடு, பெருந்துறை, கரூர், நாமக்கல்னு உங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற தொழிற்பேட்டையை முதல்ல பாருங்க. கோயம்புத்தூர்தான்னு அடம் பிடிக்க வேண்டாம்.

சேருறதுக்கு முன்னாடி மூணு விஷயம் கேட்டுத் தெளிவு பண்ணிக்கணும். ஒப்பந்தம் என்.ஏ.டி.எஸ். தளத்துல முறையா பதிவாகுதா? எந்தெந்த டிபார்ட்மெண்ட்ல எத்தனை மாசம் போடுவாங்க? ஒரிஜினல் சர்டிஃபிகேட் கேட்கிறாங்களா? சரிபார்க்கக் காட்டலாம், நகல் கொடுக்கலாம். ஒரிஜினலை வாங்கி பீரோவுல வச்சுக்கிட்டு "முடிச்சதும் தர்றோம்"னு சொன்னா, அந்த இடம் வேண்டாம். ரெண்டாவது கேள்விக்கு "வாங்க பார்த்துக்கலாம்"னு மட்டும் பதில் வந்தா, வருஷம் பூரா பில் போடவும் கூரியர் அனுப்பவும் வைப்பாங்கன்னு அர்த்தம். மோல்டிங், மெஷினிங், வைண்டிங், அசெம்பிளி, டெஸ்டிங்னு வரிசையாச் சொன்னாங்கன்னா அந்தக் கம்பெனி பயிற்சியைப் பத்தி யோசிச்சிருக்கு.

அவங்க நம்மகிட்ட என்ன கேப்பாங்க

கோவை பம்ப் கம்பெனி இன்டர்வியூ அனேகமா இப்படித்தான் போகும். ஓனரே உட்கார்ந்திருப்பார். ரெசியூமை ஒரு பக்கம் தள்ளிட்டு மேஜை மேல கிடக்கிற ஒரு இம்பெல்லரை எடுத்து நீட்டுவார்.

"தம்பி, இது என்னனு தெரியுதுங்களா?"

"இம்பெல்லர் சார்."

"சரி. உங்க தோட்டத்துல என்ன பம்ப்பு ஓடுது?"

"சப்மெர்சிபிள் சார். 3 எச்.பி."

"எத்தனை லிட்டர் தள்ளுது?"

இங்கேதான் பேச்சு நின்னுடும். நெர்ன்ஸ்ட்ல இருந்து நவியர்-ஸ்டோக்ஸ் வரைக்கும் எழுதிப் பாஸ் பண்ணின நமக்கு, பதினெட்டு வருஷமா சத்தம் கேட்டுக்கிட்டே வளர்ந்த மோட்டார் எவ்வளவு தண்ணி தள்ளுதுன்னு தெரியாது. ஏழு வயசுலயே வாய்க்கால்ல மடை மாத்தத் தெரிஞ்ச பையன் கூட அங்கே முழிப்பான்.

அதனால இந்தக் கட்டுரையோட பாடம் இதுதான். காந்திபுரம் பக்கம் பிராஜெக்ட் சென்டர்ல 15,000 கொடுத்து ரெடிமேடா ஒரு போர்டு வாங்கிட்டு வர்றதுக்குப் பதிலா, இந்த லீவுல உங்க தோட்டத்து பம்ப்போட திறனை நீங்களே அளந்து பாருங்க. தோட்டம் இல்லாதவங்க அபார்ட்மெண்ட் பம்ப்பை எடுத்துக்கலாம். செலவு கிட்டத்தட்ட ஒண்ணுமில்லை.

முதல்ல தண்ணியோட அளவு. 200 லிட்டர் டிரம் ஒண்ணை தண்ணி விழற இடத்துல வைங்க. செல்ஃபோன் ஸ்டாப்வாட்ச் போதும். டிரம் ரொம்ப 40 விநாடி ஆச்சுன்னா, விநாடிக்கு 5 லிட்டர், அதாவது 0.005 கனமீட்டர். ஒரு தடவை பார்த்தா போதாது. அஞ்சு தடவை பார்த்து சராசரி எடுங்க, அஞ்சு எண்ணையும் நோட்டுல எழுதுங்க. அந்த அஞ்சுக்குள்ள இருக்கிற வித்தியாசம்தான் உங்க அளவீட்டுப் பிழை. இன்டர்வியூல இதைச் சொல்ற பையனை யாரும் சுலபமா மறக்க மாட்டாங்க.

அடுத்து ஹெட். கெணத்துல தண்ணி மட்டத்துல இருந்து தண்ணி விழற குழாய் வாய் வரைக்கும் செங்குத்து உயரம். கயித்துல கல்லைக் கட்டி விட்டு அளக்கலாம், பெரியவங்க யாராவது பக்கத்துல இருக்கட்டும். மோட்டார் ஓட ஓட மட்டம் இறங்கும், அதனால ஓடிக்கிட்டு இருக்கும்போதே அளக்கணும். 22 மீட்டர்னு வச்சுக்குவோம். குழாய் உராய்வு, பெண்டு, வால்வுக்கெல்லாம் சேர்த்து 2 மீட்டர். மொத்தம் 24.

தண்ணிக்குப் போற சக்தி: 1000 × 9.81 × 0.005 × 24. கிட்டத்தட்ட 1,177 வாட்.

இனி மோட்டார் இழுக்கிற மின்சாரம். தமிழ்நாட்டுல விவசாய சர்வீஸுக்கு இலவச மின்சாரம், பல தோட்டத்துல மீட்டரே இருக்காது. அதனால எலக்ட்ரீஷியனைக் கூட்டிட்டு வந்து டாங் டெஸ்டர் வச்சு ஆம்பியர் எடுக்கச் சொல்லுங்க. பேனலை நீங்க திறக்க வேண்டாம், 400 வோல்ட்டு அது. வோல்டேஜ் 400, கரண்ட் 5.4, பவர் ஃபேக்டர் 0.8னு எடுத்துக்கிட்டா, 1.732 × 400 × 5.4 × 0.8. சுமார் 2,990 வாட்.

1,177-ஐ 2,990-ஆல வகுத்தா 39 சதவீதம். மீதி 61 சதவீதம் எங்கே போச்சு?

இங்கேதான் உண்மையான படிப்பு ஆரம்பிக்குது. மோட்டாரை ரெண்டு தடவை ரீவைண்டிங் பண்ணியிருக்காங்களா? மணல் அரிச்சு இம்பெல்லர் தேஞ்சிருக்கா? 40 மீட்டர் ஹெட்டுக்கான பம்ப்பை 24 மீட்டர்ல ஓட்டுறாங்களா? 2 இஞ்சு குழாய் போட வேண்டிய இடத்துல ஒன்றரை இஞ்சு போட்டிருக்காங்களா? நேம்பிளேட்டைத் துடைச்சுப் படிச்சுப் பாருங்க. எந்த ஹெட்டுல எவ்வளவு தண்ணி, ஓவரால் எஃபிஷியன்சி எவ்வளவுன்னு இருக்கும். ஐ.எஸ். 8034னு போட்டிருந்தா அது போர்வெல் சப்மெர்சிபிளுக்கான இந்தியத் தரநிலை. ஓப்பன்வெல் சப்மெர்சிபிளுக்கு ஐ.எஸ். 14220, மோனோபிளாக்குக்கு ஐ.எஸ். 9079. பி.ஐ.எஸ். இணையதளத்துல பதிவு பண்ணினா இந்தத் தரநிலைகளை இலவசமாவே இறக்கிப் படிக்கலாம். எந்த டெஸ்ட்டு எப்படிப் பண்ணணும்னு வரிவரியா இருக்கும். அதைப் படிச்சுட்டுப் போனா, கம்பெனியில டெஸ்டிங் டிபார்ட்மெண்ட்ல வேலை செய்யுறவர் பேசுற பாஷை உங்களுக்கும் புரியும்.

சிவில் பசங்க இதே மாதிரி பக்கத்துல நடக்கிற கட்டட வேலையில கான்கிரீட் கியூப் டெஸ்ட்டைத் தொடர்ந்து பார்க்கலாம். டெக்ஸ்டைல் பசங்களுக்குத் திருப்பூர் இருக்கு, துணியோட ஜி.எஸ்.எம்.-ஐ நீங்களே வெட்டி எடை போட்டுக் கம்பெனி ரிப்போர்ட்டோட ஒப்பிடுங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆளுங்க தப்பிக்க முடியாது. அந்த 39 சதவீதத்தை மாசாமாசம் பதிவு பண்ணி, எப்ப இம்பெல்லர் மாத்தணும்னு சொல்ற ஒரு சின்ன ஆப் எழுதுங்க. இன்னொரு டு-டூ லிஸ்ட் ஆப்புக்கு உலகத்துல இடமில்லை.

ஐ.டி. கம்பெனிக்குப் போறதைக் குறை சொல்லலை. சரவணம்பட்டியும் பீளமேடு டைடல் பார்க்கும் எத்தனையோ வீட்டுல அடுப்பெரிய வச்சிருக்கு. ஆனா மாஸ் ஹயரிங் குறைஞ்ச வருஷத்துல மெக்கானிக்கல், ட்ரிபிள் ஈ முடிச்ச பையனும் பொண்ணும் மூணாவது கோடிங் கோர்ஸுக்குப் பணம் கட்டுறதைப் பார்க்கும்போதுதான் வருத்தமா இருக்கு. பொண்ணுங்களைப் பத்தித் தனியா ஒரு வார்த்தை: "ஷாப் ஃப்ளோர் பொண்ணுங்களுக்கு சரிப்படாது"ன்னு வீட்லயும் சொல்வாங்க, சில கம்பெனியிலயும் சொல்வாங்க. வைண்டிங், டெஸ்டிங், குவாலிட்டி பக்கம் போய்ப் பாருங்க, பல யூனிட்ல பெண்கள்தான் வேலையே பார்க்கிறாங்க. வேலை செய்யலாமாம், இன்ஜினியரா மட்டும் நிக்கக் கூடாதாம். இந்த நியாயம் எனக்குப் புரியலை.

யார்கிட்ட கேட்கிறது

சீனியர்கிட்ட கேட்கலாம், சரி. அது போக அரசாங்கமே நடத்துற இடம் ஒண்ணு ஒவ்வொரு மாவட்டத்துலயும் இருக்கு. பழைய எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்தான். இப்ப அதோட பேரு மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டு மையம். நம்ம அப்பா காலத்துல கார்டு போட்டு வச்சுட்டு வருஷக்கணக்கா லெட்டருக்குக் காத்திருந்த இடம்னு நினைச்சு யாரும் எட்டிப் பார்க்கிறதில்லை. இப்ப தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடத்துறாங்க. டி.என்.பி.எஸ்.சி. மாதிரி தேர்வுகளுக்கு தன்னார்வ பயிலும் வட்டம்னு இலவச வகுப்பு உண்டு. பதிவை ஆன்லைன்லயே பண்ணலாம், 3 வருஷத்துக்கு ஒரு தடவை மறக்காம புதுப்பிக்கணும். ஒரு தகவல்: அங்கே தர்ற வேலையில்லாதோர் உதவித்தொகை, இன்ஜினியரிங் மாதிரி தொழிற்படிப்பு முடிச்சவங்களுக்குக் கிடையாது. அதை நம்பிப் போய் ஏமாற வேண்டாம்.

நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச் 1-ல தொடங்கினது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகள்ல அது கிரெடிட்டோட வர்றதால எல்லாரும் பண்றோம். எப்படிப் பண்றோம்ங்கிறதுதான் கேள்வி. வீடியோவை ஓட விட்டுட்டு மெஸ்ஸுக்குப் போயிட்டு வந்து, குவிஸ் ஆன்ஸரை வாட்ஸ்அப் குரூப்ல வாங்கி முடிச்சா சர்டிஃபிகேட் வரும். ஆனா எல்லாருக்கும் அதே சர்டிஃபிகேட்தான் வரும், அதனால அது உங்களை யாரிடமிருந்தும் வேறுபடுத்தாது. உங்க கோர்ஸ் பட்டியல்ல தொழிற்சாலை சம்பந்தப்பட்டது ஏதாவது இருந்தா, "ஈஸியா முடியும்"ங்கிற காரணத்துக்காக அதைத் தள்ளிவிடாதீங்க.

பணம் கேட்டா

கடைசியா இது. ஜூன், ஜூலை மாசத்துல வேலை கிடைக்காத பசங்களோட ஃபோன் நம்பர் எப்படியோ எங்கெங்கேயோ போயிடுது. "செக்யூரிட்டி டெபாசிட் கட்டினா ஜாயினிங்", "பேக்டோர்ல டாப் கம்பெனி", "தாய்லாந்துல டேட்டா என்ட்ரி, மாசம் 80,000"னு மெசேஜ் வரும். மூணாவது வகை பணத்தோட நிக்காது. 2022 செப்டம்பர்ல வெளியுறவுத் துறை அமைச்சகமே, தாய்லாந்துல ஐ.டி. வேலைன்னு சொல்லி இந்திய இளைஞர்களை மியான்மருக்குக் கடத்திட்டுப் போய் ஆன்லைன் மோசடி வேலை செய்ய வைக்கிறாங்கன்னு எச்சரிக்கை வெளியிட்டுச்சு. மியாவாடி பக்கம் அப்படி மாட்டினவங்கள்ல தமிழ்நாட்டுப் பட்டதாரிகளும் இருந்தாங்க. அந்த வருஷம் அக்டோபர்ல சிலரை மீட்டுச் சென்னைக்குக் கூட்டிட்டு வந்தாங்க. படிக்காதவங்க மாட்டலை, கம்ப்யூட்டர் தெரிஞ்ச நம்மள மாதிரி ஆளுங்கதான் அவங்களுக்குத் தேவைப்பட்டாங்க.

பத்தாவது தாண்டின நமக்கு பாஸ்போர்ட்ல குடியேற்ற அனுமதி தேவையில்லை. அதனால ஏர்போர்ட்ல இதை வச்சு யாரும் தடுக்க மாட்டாங்க, நாமதான் முன்னாடியே பார்த்துக்கணும். 1983 குடியேற்றச் சட்டப்படி வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் மத்திய அரசுகிட்ட பதிவு பண்ணியிருக்கணும். இ-மைக்ரேட் இணையதளத்துல பெயரைப் போட்டுத் தேடினா பதிவு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும். பதிவு பண்ணின ஏஜென்ட்டும் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், அதுக்கு மேல இல்லை. தமிழ்நாடு அரசே 1978-ல தொடங்கின அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒண்ணு சென்னையில இருக்கு, அங்கேயும் விசாரிக்கலாம். விசிட் விசாவுல போங்க, அங்கே போய் மாத்திக்கலாம்னு யாராவது சொன்னா பேச்சை அங்கேயே நிறுத்திடுங்க. ஏற்கனவே பணம் அனுப்பிட்டீங்கன்னா, வீட்ல திட்டுவாங்கன்னு பயந்து ரெண்டு நாள் தள்ளாதீங்க. 1930-க்கு உடனே ஃபோன் பண்ணுங்க. பணம் அடுத்த அக்கவுண்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி சொன்னாத்தான் அதை முடக்க வாய்ப்பு இருக்கு.